மூச்சைக் குறை சொல்லாதீர்கள்

மயிலாப்பூரில் எதற்கும் முதல் மருந்து பிராணாயாமம்தான். தூக்கம் வரவில்லையா, மூக்கடைப்பா, பையனுக்குக் கணக்கு ஏறவில்லையா, மூச்சைப் பிடி. என் ஏர் ரைஃபிள் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதற ஆரம்பித்தபோதும் அதையேதான் சொன்னார்கள். நானும் பெசன்ட் நகர் கடற்கரையில் விடிகாலையில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. “இன்னும் மனசு அடங்கலை” என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதில் உள்ள மிடுக்கு, “ஓ-ரிங் தேஞ்சுபோச்சு” என்பதில் வருமா?

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, துப்பாக்கி ஆசை உள்ளவனுக்கு இங்கே மிஞ்சியது ரேஞ்சும் காகிதமும்தான். 10 மீட்டர் தூரம். இலக்கின் மொத்த அகலமே 45.5 மில்லிமீட்டர், நடுவிலுள்ள பத்து, அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே 2.5 மில்லிமீட்டர்தான். இந்த அளவில் எது கெட்டாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். யார் கெடுத்தது என்பதை மட்டும் சொல்லாது.

பிராணாயாமம் சொன்ன என் கோச்சின் கணக்கில் தப்பில்லை. மூச்சு ஓடும்போது தோளும் நெஞ்சும் அசையும், பேரலும் மேலும் கீழும் ஆடும். செங்குத்துச் சிதறல் என்றால் மூச்சு என்பதுதான் பாடம். அதோடு, நான் நிதானமாகக் காத்திருந்து சுட்டவை மேலே போயின, சடசடவென்று சுட்டவை கீழே விழுந்தன. “ரொம்ப நேரம் தேக்கி வைக்கிறீங்க சார்” என்றார். பொருந்தத்தானே செய்கிறது!

துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் காகிதங்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்துவிட்டு, “மூச்சை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இதை வைஸ்ல கட்டுங்க” என்றார். தி.நகரில் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் பெஞ்ச் வைஸ் வாங்கி வந்தேன். தாடைகளுக்குக் கம்பளித் துணி சுற்றி, பேரலைத் தொடாமல் ரைஃபிளின் கட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்தோம். மூச்சே விடாத அந்த இரும்பும் மேலும் கீழுமாகத்தான் சுட்டது. கட்டைத் திருகுகளை இறுக்கினோம், மாற்றமில்லை. வேறு பெல்லட் போட்டோம், அதுவும் அப்படியே. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பதில் பெரியவர் கறாராக இருந்தார். நான் இரண்டைச் சேர்த்து மாற்றப் போனால் கையைத் தட்டிவிடுவார்.

கடைசியாக, குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃபை முன்னால் வைத்தார். தொடர்ந்து சுட்டால் வேகம் சீராக இருந்தது. சில நிமிடம் விட்டுச் சுட்டால் எகிறியது. குட்டு உடைந்தது. சிலிண்டரில் 200 பார் வரை அழுத்தம் நிரப்புவோம். அதைக் குறைத்து ஒரே அளவாகக் கொடுப்பது ரெகுலேட்டரின் வேலை. அதன் உள்ளேயிருந்த ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் தேய்ந்து, காத்திருக்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. வினாடிக்கு 175 மீட்டரில் போகும் பெல்லட், 10 மீட்டர் போவதற்குள் சுமார் 16 மில்லிமீட்டர் தாழும். வேகம் பத்து சதவீதம் கூடினால் தாழ்வு கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் குறையும். ஒரு வளையம் போச்சு.

வெளிநாட்டில் செமி ஆட்டோமேட்டிக் வேட்டை ரைஃபிள் வைத்திருப்பவர்களின் பாடும் இப்படித்தான். நாலைந்து குண்டில் பேரல் சூடேறிக் கட்டையோடு இழுபடும், குண்டு விழும் இடம் நகரும், ஆறவிட்டால் திரும்பும். அங்கேயும் முதலில் திட்டு வாங்குவது சுடுகிறவனின் நரம்புதான்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றுக்குச் சற்று முன் நம் அபினவ் பிந்த்ராவின் சோதனைக் குண்டு நாலில் போய் விழுந்தது. அவர் தன் மனதைக் குடைந்துகொண்டிருக்கவில்லை. சைட் நகர்ந்திருக்கிறது என்று முடிவுகட்டி, கிடைத்த சில நிமிடங்களில் திருகிச் சரிசெய்தார். அவருடைய கடைசிக் குண்டு 10.8. தங்கம்.

ரெகுலேட்டரின் ரப்பர் வளையத்தை மாற்றியதும் என் செங்குத்துச் சிதறல் நின்றது. இடவலச் சிதறல் மட்டும் அப்படியே இருக்கிறது. வைஸில் கட்டினால் அது வருவதில்லை. ஆகவே அது என் விரல்தான். கோச்சுகளுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த பிள்ளையைப் பிராணாயாமத்துக்கு அனுப்புவதற்கு முன், அவன் ரைஃபிளை ஒருதரம் வைஸில் கட்டிப் பாருங்கள்.