நாம் காணாத விளக்கு

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பர் நம் முன்னோர். மனிதருக்குக் கூறிய இவ்வாக்கு மோட்டார் வண்டிக்கும் முற்றும் பொருந்துமென்பதை அண்மையில் ஓர் அந்திப் பொழுதிலே நாம் உணர்ந்துகொண்டோம். உணர்ந்த விதம் கசப்பானது. ஆயினும், வண்டி வைத்திருக்கும் குடும்பத்தார் யாவர்க்கும் பயன்படக் கூடுமாதலின் அதனை இங்கே எழுதுகின்றோம்.

வவுனியாவில் உறவினர் வீட்டு மங்கல நிகழ்ச்சி ஒன்றிற்குச் சென்று, ஏ9 வீதி வழியே யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். அருகில் இல்லாள், பின் ஆசனத்தில் மகள் அரைத் தூக்கத்தில் இருந்தாள். பரந்தனைக் கடந்து ஆனையிறவை அணுகுகையில் மைம்மற் பொழுதாயிற்று. விளக்குகளை ஏற்றிவிட்டே ஓடினோம். திடீரென இரண்டு மாடுகள் வீதியில் ஏறின. பிறேக்கை அழுத்தினோம், வண்டி நின்றது. மறுகணம் பின்னால் சில்லுகள் தாரிலே தேய்ந்து அலறும் ஓசை கேட்டது. லொறியொன்று எம் வண்டியை ஒரு முழ இடைவெளியில் விலத்திச் சென்று, வீதியோரப் புழுதியில் இறங்கி நின்றது.

எமக்கு வந்த சினத்திற்கு அளவில்லை. இத்துணை நெருங்கி வரலாமோ என்று கேட்பதற்காகவே இறங்கிச் சென்றோம். ஆனால் அந்தச் சாரதி முந்திக்கொண்டார்.

“ஐயா, உங்கடை பின் லைற் சிவப்பா எரிஞ்சுகொண்டுதான் இருந்தது. பிறேக் பிடிக்கேக்கை ஒண்டும் கூடி எரியேல்லை. நீங்கள் ஓடிக்கொண்டிருக்கிறியள் எண்டெல்லோ நான் நினைச்சன். பின்னுக்குப் பிள்ளையும் இருக்குது. பாத்துப் போங்கோ.”

நாம் பேச்சற்று நின்றோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். அந்த ஒரு செக்கனை அவருக்குக் கொடுக்க வேண்டிய விளக்கு எம்முடையது. அதனைக் கொடுக்கத் தவறியவர் நாமே. சினந்து சென்ற நாம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினோம். எஞ்சிய வழியை மெதுவாகவே ஓடிக் கடந்தோம்.

மறுநாட் காலை ஒரு பட்டறையில் வினவினோம். விளக்குக் கூட்டை முழுதாக மாற்றவேண்டும், மூன்று நாள் செல்லும் என்றனர். மூன்று நாள் காத்திருக்க மனம் ஒப்பவில்லை. எஞ்சினை நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, விளக்குகளை அணைத்து, திறப்பையும் எடுத்துவிட்டு, டிக்கியை நாமே திறந்து பார்த்தோம். விளக்கின் பின்புறத்தே சிறிய மூடி ஒன்று. அதனுள்ளே குமிழ் பொருந்திய தாங்கி. தாங்கியை இடஞ்சுழியாகச் சிறிது திருப்ப, அது கையோடு வந்தது. குமிழை மெல்ல உள்ளே அழுத்தித் திருப்ப, அதுவும் கழன்றது. நாம் மலைபோல் எண்ணியிருந்த வேலை அவ்வளவே.

கழற்றிய குமிழை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தபோது முதனாள் மாலையின் மருமம் விளங்கிற்று. அக்குமிழினுள் இரண்டு இழைகள் உள்ளன. ஒன்று 5 வாற்று. இரவில் இடையறாது மங்கலாக எரிவது. மற்றது 21 வாற்று. பிறேக்கை அழுத்தும்போது மட்டும் பளிச்சென எரிவது. சிறிய இழை நலமாயிருந்தது. பெரிய இழை அறுந்து தொங்கிற்று. மறுபக்கத்துக் குமிழும் அவ்வாறே. ஒன்று பல நாட்களுக்கு முன்பே அறுந்திருத்தல் வேண்டும், நாம் அறிந்திலோம். மற்றதும் அறுந்தபோது வண்டி முற்றாக ஊமையாயிற்று. மாலைதோறும் மதிலிலே படியும் செவ்வொளியைக் கண்டு, எல்லாம் செவ்வனே உள என்று நம்பியிருந்தோம். திரும்பற் சமிக்ஞைக் குமிழ் கெட்டாற் பல வண்டிகளில் எஞ்சிய குமிழ் விரைந்து துடித்து எமக்கு அறிவிக்கும். எம்முடையது போன்ற பழைய வண்டிகளின் பிறேக் விளக்கோ எவ்வித முறைப்பாடும் செய்வதில்லை.

புதிய குமிழ் வாங்குவோர் பழையதையும் கையில் எடுத்துச் செல்லுதல் நன்று. 12 வோல்ற்று, 21/5 வாற்று என்று அதன் அடியிற் பொறித்திருப்பதையே கேட்டு வாங்குக. ஒளி கூடட்டுமென்று வலுக்கூடிய குமிழை இடுதல் தவறு. வெப்பம் மிகுந்து தாங்கி உருகும். குமிழின் இரு பக்கத்து முளைகளும் ஒரே உயரத்தில் இரா. ஆகவே அது ஒரு வழியில் மட்டுமே சரியாகப் பொருந்தும். மறுவழியில் வலிந்து திணித்தல் ஆகாது. ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்றுதல் நலம்; இரண்டிற்கும் வயது ஒன்றன்றோ? எம்மைப் போற் கடலோரத்தில் வாழ்வோர் தாங்கியின் உட்புறத்தையும் நோக்குதல் வேண்டும். உப்புக் காற்றினாற் பித்தளையிற் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் மென்மையான அரத்தாளினால் தேய்த்தகற்றுக. குமிழ் நலமாயிருந்தும் விளக்கு எரியாமைக்கு இக்களிம்பும் ஒரு காரணமாகும்.

முன் விளக்கின் கதை சற்று வேறு. 1962 இல் ஐரோப்பாவில் மோட்டார் வண்டிகளுக்கு அறிமுகமான ஹலஜன் குமிழ்களின் வழித்தோன்றல்களே இன்றும் பல வண்டிகளின் முன்புறத்தில் உள்ளன. அவற்றின் கண்ணாடி மிகுந்த வெப்பத்தில் இயங்குவது. அதனை வெறுங்கையால் தொட்டால் விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொள்ளும். அவ்விடம் அளவுமீறிச் சுட்டு, குமிழ் விரைவில் அழியும். சுத்தமான துணியாலோ தாளாலோ அடிப்பாகத்தைப் பிடித்தே பொருத்துக. தவறித் தொட்டுவிட்டால் மதுசாரத்திற் தோய்த்த துணியினாற் துடைத்துவிடலாம். எரிந்த குமிழ் ஆறும்வரை பொறுத்திருத்தலும் வேண்டும். குமிழ் தன் இருக்கையிற் செவ்வையாக அமராவிடில் ஒளி மேலெழுந்து, எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும். மாலையில் மதிலுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, இரு விளக்குகளின் ஒளியும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று பார்த்தல் எளிய சோதனை.

எல்லாவற்றையும் வீட்டிற் செய்துவிடலாம் என்பது எம் கருத்தன்று. புதிய குமிழும் எரியாவிடில் உருகியைப் பார்க்கலாம்; அதே அளவுள்ள உருகியை இடலாம். அதுவும் உடனே உருகினால், வயரிலே கோளாறுண்டு. மின் வேலை அறிந்தவரை நாடுக. சில புதிய வண்டிகளில் குமிழே இல்லை. விளக்கு முழுவதும் ஒரே கூடாக அமைந்துள்ளது. செனன் வாயு விளக்குகளில் உயர் மின்னழுத்தம் உண்டாதலின் அவற்றிற் கைவைத்தல் கூடாது.

எமது வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. முடிந்ததோ இல்லையோ என்று அறிய வேறொருவர் கண் வேண்டியிருந்தது. மகளை அழைத்து, வண்டிக்குப் பின்னால் நேரே நில்லாமல் முற்றத்தின் ஓரமாக நிற்கச் சொல்லி, பிறேக்கை அழுத்தினோம். “இரண்டும் எரியுது அப்பா!” என்று அவள் துள்ளினாள். அன்று முதல் மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் இஃது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. ஆளில்லாத வேளையில் மதிலை நோக்கிப் பின்வாங்கி நிறுத்தி, பிறேக்கை அழுத்தும்போது செவ்வொளி கூடுகின்றதா என்று கண்ணாடியிற் பார்த்துக்கொள்கின்றோம்.

முன் விளக்கு நாம் வழி காண்பதற்கு. அது கெட்டால் அன்றிரவே திருத்துகின்றோம். பின் விளக்கு நம் பின்னே வருவோருக்கு. அது கெட்டால் அவர்களே சொல்ல வேண்டியிருக்கின்றது. சொல்ல வாய்ப்பில்லாமற் போயிருந்தால் எம் நிலை என்னவாகியிருக்கும்? பின் ஆசனத்தில் உறங்கிய பிள்ளையை எண்ணும்போது இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது. அந்தச் சாரதியின் பெயரைக் கேட்கவும் அன்று எமக்குத் தோன்றவில்லை. இன்று வீதியில் எவருடைய பின் விளக்காவது எரியாதிருக்கக் கண்டால், அவர் நிற்குமிடத்தில் நாமும் நின்று, பணிவாகச் சொல்லிவிட்டுப் போகின்றோம்.