214 மில்லிமீட்டர்

பெரியப்பா மகன் வாட்ஸப்பில் ஒரு ட்ராயிங் அனுப்பியிருந்தார். அலுமினிய வளையம். நான்கு பக்கமும் தொண்ணூறு டிகிரி இடைவெளியில் நான்கு துளைகள். கீழே ஒரு வரி: “தம்பி, இது எதோட பார்ட்டுன்னு உனக்குத் தெரியுதா?”

அதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் ஒன்று இருக்கிறது. ஆனால் விட்டம் கண்ணில் பட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 214 மில்லிமீட்டர் குழாய்க்குள் போய் உட்காருகிற அளவு. இந்தியாவில் 214 என்றால் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வரும்: பினாகா.

அண்ணனுக்குத் திருப்பூரில் லேத் பட்டறை. முப்பது வருடமாக நிட்டிங் மெஷின் ஸ்பேர்தான் தொழில். முப்பது இஞ்ச் டயா, 24 கேஜ் மெஷினில் கிட்டத்தட்ட 2,260 ஊசிகள் வட்டமாக நிற்கும். அவற்றை ஏற்றி இறக்குவது கேம். கேமின் தடத்தில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினாலும் துணி காட்டிக்கொடுத்துவிடும். ஒரே ஒரு ஊசி லேசாக வளைந்தால் போதும், ரோல் முழுக்க நெடுகிலும் ஒரு கோடு. நீடில் லைன் என்பார்கள். பையர் அந்தக் கோட்டைப் பார்த்தால் அவ்வளவுதான். இந்த ஊரில் துல்லியம் என்பது பெரிய வார்த்தை இல்லை, அது டெபிட் நோட்டு.

2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியதும் பனியன் கம்பெனிக்காரர்கள் முதலில் நிறுத்தியது மெஷின் பராமரிப்பைத்தான். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்றார்கள். அண்ணன் பட்டறையில் இரண்டு சிஎன்சி மெஷின்கள் துணி போர்த்தி நின்றன, இரண்டுக்கும் பேங்க் தவணை. அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு இடைத்தரகர் இந்த ட்ராயிங்கோடு வந்தார். 2019 ஜனவரியில் திருச்சியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கிவைத்தபோது அதில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து ஊர்கள். திருப்பூர் இல்லை. ஆனால் ஜாப் ஒர்க் என்பது வரைபடம் பார்த்தா வரும்? சூலூர் தாண்டினால் நம்ம ஊர்.

“தெரியுதுங்கண்ணா. நேர்ல வந்து சொல்றேன்” என்று போட்டேன்.

பினாகா பழைய சங்கதி. புனேயில் உள்ள டிஆர்டிஓ கூடம் உருவாக்கியது. சிவனின் வில் பெயர். ஒரு லாரியிலிருந்து 44 விநாடிக்குள் 12 ராக்கெட். 1999இல் கார்கில் போரிலேயே பயன்படுத்திப் பார்த்தார்கள். அது குறி பார்த்து அடிக்கிற ஆயுதமில்லை, ஒரு பரப்பையே அடிக்கிற ஆயுதம். கிளம்பும்போது ஒரு டிகிரி விலகினால் 38 கிலோமீட்டர் போய்ச் சேரும்போது கணக்குப்படி 660 மீட்டர் தள்ளி விழும். காற்று, மருந்து எரிவதில் வரும் சிறு ஏற்றத்தாழ்வு, குழாயை விட்டு வெளியேறும்போது வரும் நடுக்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் டஜன் கணக்கில் விடுவது.

வழிகாட்டப்பட்ட பினாகாவில் மூக்குப்பகுதியில் நான்கு சின்னச் சிறகுகள் வந்தன. உள்ளே முடுக்கமானிகளும் ஜைரோக்களும். நாவிக் செயற்கைக்கோள்கள் அவ்வப்போது ‘நீ இங்கே இருக்கிறாய்’ என்று திருத்திச் சொல்லும். தூரமும் 75 கிலோமீட்டர் அளவுக்குக் கூடியது. 2024 நவம்பரில் சோதனைகள் முடிந்ததாக டிஆர்டிஓ அறிவித்தது.

செயற்கைக்கோளின் திருத்தம் ஏன் வேண்டும் என்பது என் பிழைப்பு சம்பந்தப்பட்டது. முடுக்கமானி ஒன்று விநாடி வர்க்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மட்டும் நிரந்தரமாகத் தப்பாகச் சொல்கிறது என்று வையுங்கள். நூறு விநாடியில் அது 50 மீட்டர் பிழையாகிவிடும். நேரத்தின் வர்க்கத்தில் வளர்கிற பிழை. அண்ணனுக்கு இதை நீடில் லைன் என்று சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டார். “ஒரு ஊசி கெட்டா ரோலே போச்சு.” விண்ணிலிருந்து வரும் சமிக்ஞையைக் குழப்பினாலோ மறுபடி ஜைரோவும் முடுக்கமானியும்தான் கதி. உக்ரைனில் ரஷ்யா அதைத்தான் செய்தது. ஜிபிஎஸ்ஸை நம்பிய அமெரிக்கக் குண்டுகள் பல குறி தவறின.

நான் பெங்களூரில் எழுதுவது சென்சார்களின் இந்த நிரந்தரத் தவறைக் கண்டுபிடித்துக் கழிக்கிற நிரல். டிராக்டருக்காக. கணக்குக்கு அது டிராக்டரா ராக்கெட்டா என்று தெரியாது. அண்ணனுக்கு உபதேசம் பண்ணுகிற யோக்கியதை எனக்கு எந்த அளவு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ராக்கெட் நமக்குப் புதிதுமில்லை. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தபோது இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் பறந்தன. மூங்கிலுக்கும் காகிதத்துக்கும் பதில் இரும்பு என்பதுதான் விஷயம். அழுத்தம் தாங்கியது, தூரம் போனது. அன்றைக்கு எங்கள் கொங்கு நாடும் மைசூர் ஆட்சியில்தான். 1799க்குப் பிறகு அந்தக் குழாய்கள் இங்கிலாந்து போய் காங்கிரீவ் ராக்கெட்டாகத் திரும்பின. நல்ல இரும்பு அடித்த அந்தக் கொல்லர்களின் பெயர் ஒன்றும் நமக்கு வந்து சேரவில்லை.

சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“குறி தவறாம போச்சுன்னா, பக்கத்துல இருக்கறவன் பொழைப்பான்ல?” என்றார்.

ஆமாம் என்றேன். அது உண்மை. பன்னிரண்டுக்குப் பதில் ஒன்று. ஆனால் முழுதும் உண்மையில்லை என்றும் சொல்ல வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரியில் பினாகாவுக்கென்று பாதுகாப்பு அமைச்சகம் 10,147 கோடிக்கு ஒப்பந்தம் போட்டதில், வானத்தில் பிரிந்து சின்னச் சின்னக் குண்டுகளாகச் சிதறுகிற ரகமும் உண்டு. கொத்துக் குண்டு தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆர்மீனியாவுக்கு 2022லேயே பினாகா விற்றாகிவிட்டது. துல்லியமாகப் போவது சரி, எங்கே போக வேண்டும் என்பதை வளையம் தீர்மானிப்பதில்லை.

“பனியனும் அப்படித்தான. யாரு போடறான்னு நமக்குத் தெரியுமா?”

“பனியன் போட்டு யாரும் சாகறதில்லீங்கண்ணா.”

“நொய்யல்ல போய்ச் சொல்லு.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வருடம் நான் கல்லூரியில் இருந்தேன். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே சொந்தக்காரர்களுக்கு நிலம் உண்டு. கிணற்றுத் தண்ணீரை மாடு குடிக்காது. அந்தச் சாயத்தில் முக்கிய துணியின் காசில்தான் என் ஃபீஸும் கட்டப்பட்டது.

அண்ணன் ஐந்து சாம்பிள் ஓட்டினார். கோயம்புத்தூரில் அளந்து பார்த்ததில் மூன்று தேறியது. ரிஜெக்ட் ஆன இரண்டும் பட்டறைக்குத் திரும்பி வந்தன.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது பெரியம்மா அதில் ஒன்றை எடுத்துவந்து சமையல்மேடையில் வைத்திருந்தது. மேலே சாத்துவப் பானை. “பிரிமணைக்கு நல்லா இருக்குது சாமி. ஆட்டமே இல்ல. இது என்னத்துக்குக் கண்ணு செய்யறான் இவன்?”

“வண்டி பார்ட்டுங்க பெரிம்மா” என்றேன். அண்ணன் தட்டிலிருந்து நிமிரவில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் இடைத்தரகரிடமிருந்து போன். ரிஜெக்ட் பீஸ் இரண்டையும் நம்பர் போட்டுத் திருப்பி ஒப்படைக்க வேண்டுமாம். ஒன்றுகூட வெளியே இருக்கக்கூடாதாம். அண்ணன் பானையை இறக்கி வைத்துவிட்டு, வளையத்தில் ஒட்டியிருந்த கரியைச் சபீனா போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். பெரியம்மா பக்கத்தில் நின்று, “வண்டி பார்ட்டுக்கு எதுக்குடா இத்தன கணக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது.