நடந்த ஓட்டும் நடக்காத ஓட்டும்

என்னோடு பி.காம். படிக்கும் ஒரு நண்பனுக்குச் சொந்த ஊர் புதுச்சேரி. இங்கே அம்பத்தூரில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறான். ஒருநாள் ரயிலில் வரும்போது அவன் தாத்தா ஒரு 'சொல்தா' என்று சொன்னான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்களாம். அவர் சண்டை போட்ட இடம் வியட்நாம்.

"வியட்நாம்காரன் உங்க தாத்தாவுக்கு என்னடா கெடுதல் பண்ணான்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல. பிரெஞ்சுக்காரன் சம்பளம் கொடுத்தான், போனார்" என்றான்.

அந்தப் பதில்தான் என்னை இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது.

வியட்நாம் போர் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது அமெரிக்காவும் ஹெலிகாப்டர்களும்தான். ஆனால் கதை அதற்கு நூறு வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டது. 1859-ல் பிரான்ஸ் சைகோனைப் பிடித்தது. 1887-ல் 'இந்தோசீனா' என்று ஒரே காலனியாக்கியது. உப்பு, சாராயம், அபின் மூன்றும் அரசாங்கத்தின் ஏகபோகம். அரிசியும் ரப்பரும் நிலக்கரியும் கப்பலேறின.

இதில் நம்மவர்களுக்கும் பங்குண்டு. புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அங்கே பிரெஞ்சு அரசாங்கத்தில் குமாஸ்தாவாகவும் போலீஸாகவும் இருந்தார்கள். செட்டிநாட்டு நகரத்தார்கள் வட்டிக்கடை வைத்து நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-களில் அரிசி விலை விழுந்தபோது கடன் கட்ட முடியாமல் நிலத்தை இழந்தவர்கள் பலர். சைகோனில் தண்டாயுதபாணி கோயிலும் மாரியம்மன் கோயிலும் இன்றும் இருக்கின்றன.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் உள்ளே வந்தது. 1944-45 பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். ஜப்பான் தோற்றதும், 1945 செப்டம்பர் 2-ம் தேதி ஹனோயில் ஹோ சி மின் சுதந்திரத்தை அறிவித்தார்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். தெற்கில் ஜப்பானியர்களிடம் ஆயுதங்களை வாங்குவதற்காக பிரிட்டன் அனுப்பியது 20-வது இந்திய டிவிஷனை. அதன் தளபதி கிரேசி, சிறையில் இருந்த பிரெஞ்சு சிப்பாய்களை விடுவித்து ஆயுதம் கொடுத்தார். செப்டம்பர் 23-ல் அவர்கள் சைகோனைக் கைப்பற்றினார்கள். தானே அடிமையாக இருந்த நாட்டின் சிப்பாயை வைத்து இன்னொரு நாட்டை மறுபடி அடிமையாக்கினார்கள்! நேரு இதைக் கண்டித்தார். யார் கேட்டார்கள்?

1946 டிசம்பரில் முழுப்போர் வெடித்தது. 1949-ல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஜெயித்ததும் கணக்கே மாறிவிட்டது. வியட்நாமியர்களுக்குச் சீனா உதவ, பிரான்சுக்கு அமெரிக்கா 1950 முதல் பணமும் ஆயுதமும் கொடுத்தது. கடைசியில் பிரான்சின் போர்ச்செலவில் பெரும்பகுதி அமெரிக்காவின் தலையில் விழுந்தது. விடுதலைப் போராட்டம் இப்படித்தான் பனிப்போரின் ஒரு முனையானது. இவ்வளவு செலவழித்தும் 1954 மே 7-ல் தியன் பியன் பூ கோட்டை விழுந்தது.

அந்த ஜூனில் பிரான்சில் பிரதமரானவர் மெண்டஸ் பிரான்ஸ். அதே மனிதர், அதே வருடத்தில், இரண்டு காலனிகளின் கணக்கை முடித்தார்.

ஒன்று வியட்நாம். ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம். நாடு 17-வது அட்சரேகையில் தற்காலிகமாகப் பிரியும், 1956 ஜூலையில் பொதுத்தேர்தல் நடந்து ஒன்றாகும் என்று பேச்சு. மேற்பார்வைக் குழுவுக்குத் தலைவர் இந்தியா. கூட கனடாவும் போலந்தும்.

இன்னொன்று நம் புதுச்சேரி. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர 170, எதிராக 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது.

புதுச்சேரியில் ரத்தமே சிந்தவில்லை என்று சொல்ல முடியாது. 1936 ஜூலை 30-ல் சவானா மில்லில் 12 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கீழூரில் ஓட்டுப் போட்டதும் பிரதிநிதிகள்தான், பொதுமக்கள் நேரடியாக அல்ல. ஆனாலும் கேட்டார்கள், வந்த பதிலை ஏற்றார்கள். சுற்றிலும் சுதந்திர இந்தியா. வைத்திருந்தால் பிரான்சுக்கு நஷ்டம்தான். எந்த வல்லரசுக்கும் அந்த ஊர் தேவைப்படவும் இல்லை.

வியட்நாமில் அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை. நாங்கள் கையெழுத்துப் போடவில்லை என்றார் தெற்கின் தலைவர் தியெம். அமெரிக்கா அவர் பக்கம். தேர்தல் வைத்தால் ஹோ சி மின் ஜெயித்துவிடுவார் என்ற பயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வடக்கில் மட்டும் ஓட்டு சுதந்திரமாக நடந்திருக்குமா என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்வி. நிலச்சீர்திருத்தம் என்ற பெயரில் அங்கே ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றிருந்தார்கள். தலைமையில் இருந்த இந்தியாவால் அறிக்கை எழுத முடிந்தது. யாரையும் கட்டாயப்படுத்த அதிகாரம் இல்லை.

தவணை தவறிய கடனுக்கு வட்டி ஏறும் என்று எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். 1956 ஜூலை அப்படித் தவறிய ஒரு தவணை. 1960-ல் தெற்கில் விடுதலை முன்னணி உருவானது. 1965 மார்ச்சில் அமெரிக்கத் தரைப்படை டானாங்கில் இறங்கியது. லாவோஸ், கம்போடியா மீதும் குண்டு விழுந்தது. 1975 ஏப்ரல் 30-ல் எல்லாம் முடிந்தபோது அமெரிக்கர்களில் 58,000-க்கு மேல் செத்திருந்தார்கள். வியட்நாமியர்களில் சுமார் 30 லட்சம் என்பது அந்நாட்டு அரசு 1995-ல் சொன்ன கணக்கு.

ஓட்டு வைத்திருந்தால் சண்டையே வந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் கேட்கிறேன் என்று தேதி குறித்துவிட்டு, பதில் பிடிக்காது என்று தெரிந்ததும் கேள்வியையே மறைத்துவிட்டால், அந்தப் பதில் வேறு வழியில் வந்தே தீரும். அதற்கான விலையைத் தேதியைத் தள்ளிப் போட்டவர்கள் கட்டுவதில்லை.

அடுத்த முறை புதுச்சேரி போனால் பீச்சோடு திரும்பிவிடாதீர்கள். கீழூரில் அந்த ஓட்டு நடந்த இடத்தில் ஒரு நினைவிடம் இருக்கிறது. ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.