தாத்தாவின் மண்டியும் திருச்சுழி வக்கீல் வீடும்

"அடுத்த வாரம் ஜேசிபி வரச் சொல்லிடவா?" என்று அண்ணன் போனில் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அருப்புக்கோட்டை பஜாரில் எங்கள் தாத்தாவின் பருத்தி மண்டி இருக்கிறது. முன்னால் கணக்கு எழுதும் ஆபீஸ் அறை, பின்னால் மூட்டை அடுக்கிய கிட்டங்கி. மண்டி மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. இடித்துவிட்டு ஷட்டர் கடைகள் கட்டினால் வாடகை வரும். காலேஜ் போகும் இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் அண்ணன் அப்படி நினைப்பதில் தப்பே இல்லை. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் சித்தப்பாவும் நானும்.

"போடுறதுக்கு முன்னாடி ஒரு இடம் பார்த்துட்டு வந்துருவோம்மா" என்றார் சித்தப்பா.

காலை பஸ்ஸில் திருச்சுழிக்குக் கிளம்பினோம். பக்கத்து சீட்டில் கூடை நிறைய மல்லி. தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டினால் கரிசல் காடு விரிந்துவிடும். அங்கங்கே கண்மாய்க் கரை, மற்றபடி சீமைக்கருவேலம்தான். குண்டாற்றில் அன்றைக்கும் மணல்தான் ஓடியது!

ஒரு வக்கீலின் வீடு

சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அருகிலேயே இருக்கும் 'சுந்தர மந்திரம்' போனோம். ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வீடு. இது முதலில் அவருடைய அப்பா சுந்தரம் ஐயரின் வீடு. குமாஸ்தாவாகத் தொடங்கி, மனு எழுதிக் கொடுத்து, பிறகு ஊரே தேடி வரும் வக்கீலானவர் அவர்.

1892-ல் அவர் இறந்ததும் குடும்பம் சிதறியது. வேங்கடராமன் என்ற அந்தப் பையன் மதுரையில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனான். 1896-ல் அங்கிருந்து திருவண்ணாமலை போனவன் திரும்பவே இல்லை. இன்று திருச்சுழி வீடு, மதுரை வீடு இரண்டையுமே ரமணாசிரமம் பராமரிக்கிறது. வழக்குப் பேச ஆட்கள் வந்த வீட்டில், இன்று பேசாமல் உட்காருவதற்காக வருகிறார்கள்.

சித்தப்பாவும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வெளியே வந்ததும், "வீடு அதேதான். வேலைதான் மாறியிருக்கு, பார்த்தியா?" என்றார்.

மகாலில் நடந்த கோர்ட்

யோசித்தால், நம் பக்கத்தில் இது புதிதில்லை. மதுரை திருமலை நாயக்கர் மகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். சிதிலமாகிக் கிடந்ததை, 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு சீர்செய்ய வைத்தார். பிறகு 1970 வரை அங்கே கோர்ட் நடந்தது. ஒருவேளை கோர்ட் நடந்ததால்தான் அது இடிபடாமல் நமக்குக் கிடைத்ததோ என்னவோ!

தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனை ஒரு காலத்தில் கலெக்டர் பங்களாவாக இருந்தது. 1959-ல் நேரு அதைக் காந்தி மியூசியமாகத் திறந்துவைத்தார். சென்னை எழும்பூரில் பழைய போலீஸ் கமிஷனர் ஆபீஸ் 2021-ல் காவல் அருங்காட்சியகம் ஆனது.

அதெல்லாம் அரசாங்கமும் ஆசிரமமும் செய்தது. நாம் என்ன செய்ய முடியும்?

கொத்தனார் சொன்ன பாடம்

திரும்பி வந்ததும் ஒரு வயதான கொத்தனாரை மண்டிக்கு அழைத்துப் போனோம். சுவரைத் தட்டிப் பார்த்தவர், "சுவர் கெடலைம்மா. மேல பூசுன சிமென்ட்தான் கெடுத்திருக்கு" என்றார்.

பழைய சுண்ணாம்புச் சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சினாலும் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். நம் ஊரின் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால், உப்புப் பூத்து, காரை பொரிந்து கொட்டும். நாமோ சுவரே போய்விட்டது என்று நினைத்து இடிக்கிறோம். அவர் சொன்ன வைத்தியம்: சிமென்ட்டைக் கொத்தி எடுங்கள், சுவர் நன்றாகக் காயட்டும், மறுபடி சுண்ணாம்பே பூசுங்கள். கூரைத் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வடிகால் விடுங்கள்.

ஆனால் கிட்டங்கியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார். பனங்கட்டைகளைச் செல் அரித்து, கூரை பாதி உட்கார்ந்திருந்தது. "இதுக்கு ஆசைப்படாதீங்க."

அன்று ராத்திரி மூன்று பேரும் அந்த ஆபீஸ் அறையிலேயே உட்கார்ந்து பேசினோம். கிட்டங்கியை இடித்து நான்கு கடைகள். முன் ஆபீஸ் அப்படியே நிற்கும். காலை, மாலை வேலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாசக சாலை. அண்ணனுக்கு முழுத் திருப்தி இல்லை. "ரெண்டு வருஷம் பார்ப்போம்" என்றார். அது போதும் எங்களுக்கு.

ஜேசிபி வந்தது, பின்வாசல் வழியாக. தாத்தாவின் கணக்கு மேஜையை மட்டும் நகர்த்தவில்லை. அதில் இப்போது யாரோ ஒரு பெண் கணக்குப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

எப்படிப் போகலாம்? மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் 50 கி.மீ. அங்கிருந்து திருச்சுழிக்கு பஸ் உண்டு. விருதுநகர் – மானாமதுரை ரயில் பாதையிலும் இரண்டு ஊர்களும் வருகின்றன. கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். கையில் தண்ணீர் அவசியம்!