இருபத்திரண்டே முக்கால் லிட்டர்

"இதோட கொள்ளளவு என்ன?" என்று அப்பா கேட்டார்.

போனில் நான் காட்டிக்கொண்டிருந்தது ஒரு ஆட்டோகிளேவ். ஸ்டீல் உடம்பு, மேலே பிரஷர் கேஜ், மூடியைச் சுற்றி ஆறு திருகாணிகள். ஐம்பது லிட்டர் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"இருபத்திரண்டே முக்காலுக்கு மேல போனா அது பாத்திரம் இல்லடா. பாய்லர். வீட்டுக்குள்ள பாய்லர் வெக்க முடியாது."

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பாய்லர் அறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். இடது காது கேட்காது, வலது காதில் பாதி. பாய்லர் அட்டெண்டன்ட் தேர்வுக்குப் படித்த பாடம் மட்டும் அப்படியே இருக்கிறது. 1923-ம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம், அழுத்தத்தில் நீராவி உண்டாக்கும் மூடிய கலன் எவ்வளவு பெரிதானால் பாய்லர் ஆகும் என்பதற்கு ஐந்து கேலன் என்று ஒரு கோடு போட்டிருந்தது. லிட்டருக்கு மாற்றியபோது அது 22.75 ஆனது. 2007 திருத்தத்தில் 25 லிட்டர் ஆக்கினார்கள். சட்டம் மாறியது, அப்பா மாறவில்லை.

சண்டைக்குக் காரணம் அம்மாவின் காளான். சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்த பணத்தில் மாடி அறைக்குப் பச்சை வலை, சாக்கு, உறி, இருபது பை சிப்பிக் காளான் என்று ஆரம்பித்தாள். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருஷத்தில் பாதிக்கு மேல் சிப்பிக்கு ஏற்ற குளிர்ச்சி. கீழே கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் வெயிலில் பால் காளான்தான் நன்றாக வரும். அதெல்லாம் சரியாகவே கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் பத்தாவது நாள் பதினான்கு பைகளில் பச்சை பூத்தது. டிரைக்கோடெர்மா. வெள்ளை நூல் படர வேண்டிய வைக்கோலில் பாசிபோல ஒரு பச்சைத் தூள். அந்தப் பைகளை அம்மா யாருக்கும் காட்டாமல் ராத்திரியில் கீழே இறக்கினாள். பக்கத்து வீட்டு கன்னடக்காரம்மா "அணபே பந்தாச்சா?" என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பினாள். நான் அன்றைக்கே ஆட்டோகிளேவ் தேட ஆரம்பித்தேன். சாஃப்ட்வேர்க்காரனுக்குப் பிரச்சினை வந்தால் முதலில் கை போவது வாங்கும் பொத்தானுக்குத்தான்.

இப்போது யோசித்தால், நான் தேடியதே தப்பான பொருள். காளான் வளர்ப்பில் சூடு இரண்டு வேலை செய்கிறது, அவை இரண்டும் ஒன்றல்ல. வைக்கோலைப் பதப்படுத்துவது ஒன்று. வித்துக்கான சோளத்தை முழுசாகக் கிருமி நீக்குவது இன்னொன்று. வைக்கோலில் இருக்கும் எல்லாவற்றையும் கொல்ல வேண்டியதில்லை, கொல்லவும் கூடாது. எழுபது, எண்பது டிகிரியில் பூஞ்சைகளில் பெரும்பாலானவை செத்துப்போகும், வெப்பம் தாங்கும் சில பாக்டீரியாக்கள் பிழைக்கும். அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு பச்சைப் பூஞ்சையை உள்ளே விடாமல் வைத்திருக்கின்றன. 121 டிகிரியில் சுத்தமாகத் துடைத்த வைக்கோல் காலி மனைபோல. நம் மாடி அறைக் காற்றில் திறந்தால் முதலில் வருபவனுக்குப் பட்டா. சோளம் வேறு கதை. ஈரமான தானியம் எல்லாக் கிருமிக்கும் விருந்து. வேகவைத்தாலும் சாகாத பாக்டீரியா வித்துகள் அதில் ஒளிந்திருக்கும். அதற்கு அழுத்தத்தில் அடைபட்ட நீராவிதான் வேண்டும்.

அதாவது வைக்கோலுக்கு டிரம், சோளத்துக்குக் குக்கர். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதமும், அம்மாவுக்குப் பதினான்கு பைகளும் ஆனது.

டிரம்மில் ஏற்கெனவே ஆவி கட்டித்தானே அந்தப் பதினான்கும் போனது? ஆமாம். ஆவி வெளியே வந்ததும் போனில் டைமர் வைத்து ஒரு மணி நேரம் எண்ணியது நான். மறுமுறை அப்பா பக்கத்தில் வந்து நின்றார். நீளத் தண்டு வைத்த தெர்மாமீட்டரை வைக்கோலின் நடுவில் குத்தினார். மூடி இடுக்கில் ஆவி சீறிக்கொண்டிருந்தது, நடுவில் 48 டிகிரி. நெருக்கி அமுக்கிய ஈர வைக்கோல் கம்பளி மாதிரி, சூட்டை உள்ளே விடாது. என் கணக்கு வெளியே ஓடியது, காளான் உள்ளே இருந்தது. அப்பா ஒரு பழைய இரும்புக் குழாயில் வரிசையாக ஓட்டை போட்டு டிரம்முக்கு நடுவில் நிறுத்தினார். ஆவி அதன் வழியே ஏறி நடுவிலிருந்தும் சூடாக்கியது. நடு எழுபதைத் தொட்ட பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கவே விட்டார்.

டிரம் வாங்குவதிலும் ஒரு பாடம் உண்டு. சிப்காட்டைச் சுற்றி பழைய 200 லிட்டர் டிரம் விற்கும் கடைகள் நிறைய. விலை கேட்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். சமையல் எண்ணெய் இருந்த டிரம்மைத் தேடி மூன்று கடை ஏறினோம். அடியில் முக்கால் அடிக்குத் தண்ணீர், அதற்கு மேல் கம்பி வலைத்தட்டு, அதன் மேல் வைக்கோல். மூடியைப் பூட்டவும் கூடாது, கல் வைக்கவும் கூடாது. ஒரு ஈரச் சாக்கு போதும். "ஆவிக்கு எப்பவும் வெளிய போக ஒரு வழி இருக்கணும்" என்றார். எதற்கு இத்தனை பயம் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். அவருடைய ஷிப்டில் இன்னொருவருக்கு நீராவி பட்டதும், அவர் திரும்ப வேலைக்கு வராததும் அம்மா சொல்லி எனக்குத் தெரியும். அப்பா சொன்னதில்லை.

எரிபொருள் கணக்கு மட்டும் நான் போட்டேன். வைக்கோலை முக்கி வேகவைக்க நூறு லிட்டர் தண்ணீரை 25-லிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோக ஆறரை யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஒன்றரை கிலோவாட் ஹீட்டர் ராடு என்றால் நாலு மணி நேரத்துக்கு மேல், அதுவும் இரும்பு டிரம்மில் கரண்ட் விட்டுக்கொண்டு. அந்த யோசனை அங்கேயே செத்தது. ஆவி முறையில் அடித்தண்ணீரையும் ஈர வைக்கோலையும் சூடாக்கினால் போதும். தைல மர விறகில் அடுப்பு மூட்டினோம். அடுப்பே வேண்டாம், கார்பென்டசிமும் பார்மலினும் கலந்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைக்கலாம் என்ற முறையும் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் முறைதான். அம்மா பார்மலின் பாட்டிலை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

அடுத்தது குக்கர். வித்துப் பாக்கெட்டைப் பெங்களூர்ப் பக்கம் ஹெசரகட்டா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வாங்கி வரலாம். ஆனால் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டி, முழு நகரத்தையும் குறுக்கே கடந்து மறுமுனைக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும். தாய் வித்து மட்டும் வாங்கிச் சோளத்தில் நாமே பெருக்கலாம் என்பது என் திட்டம். டிடிகே பிரெஸ்டீஜ் ஆலை இருக்கும் ஊரில் குக்கருக்கா பஞ்சம்? எங்கள் வீட்டில் இருந்ததோ பெயர் தேய்ந்துபோன ஏதோ ஒரு பழைய பன்னிரண்டு லிட்டர். விசேஷத்துக்குப் பிரியாணி செய்யும் பாத்திரம்.

முதல் தடவை சாதாரணப் பாலிதீன் கவரில் சோளத்தைக் கட்டி வைத்தேன். திறந்தால் சோளமும் பிளாஸ்டிக்கும் ஒரே கட்டி. பாலிபுரோப்பிலீன் பைதான் அந்தச் சூட்டைத் தாங்கும். இரண்டாம் தடவை தீயைக் குறைக்காமல் விசில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுபதோ எண்பதோ விசிலுக்குப் பிறகு தண்ணீர் வற்றி, சேஃப்டி வால்வு தெறித்து, சமையலறைக் கூரை முழுக்கச் சோளக் கஞ்சி. சத்தம் கேட்காத அப்பா, தரை அதிர்ந்ததில் எழுந்து வந்தார். முதலில் கேஸை அணைத்தார். பிறகு என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சின்ன வயசில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பார்ப்பதுபோல. திட்டவில்லை. அன்று முழுக்க என்னோடு பேசவும் இல்லை.

மறுநாள் காலை அவரே குக்கரைக் கழுவி, புது வால்வு போட்டு வைத்திருந்தார்.

"விசில் எண்ணாத. வெயிட்ட உடனே போடாத. முதல்ல காத்து எல்லாம் வெளிய போகட்டும்."

காற்று உள்ளே சிக்கினால் அழுத்தம் இருக்கும், சூடு இருக்காது. ஆவி கோடுபோல நேராக, விட்டுவிட்டு இல்லாமல் வர ஆரம்பித்த பிறகே வெயிட். பிறகு தீயைச் சிறிதாக்கி, வெயிட் லேசாக ஆடும் நிலையில் விட வேண்டும். அவர் காதால் கேட்கவில்லை, கண்ணால்தான் பார்த்தார்.

டெனிஸ் பாப்பின் 1679-ல் எலும்பை வேகவைக்க அழுத்தக் கலன் செய்தபோதே சேஃப்டி வால்வும் கூடவே வந்துவிட்டது. சரியாக இருநூறு வருடம் கழித்து, 1879-ல் பாஸ்டரின் ஆய்வகத்தில் இருந்த சேம்பர்லாண்ட் அதையே கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஆக்கினார். இதை அப்பாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். "வால்வு முதல்ல வந்துச்சா? நல்லது" என்றார்.

நான் சேர்த்தது ஒன்றே ஒன்று. புத்தகத்தில் இருக்கும் 15 பவுண்ட் அழுத்தம், 121 டிகிரி என்பது கடல்மட்டக் கணக்கு. ஓசூர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, தண்ணீரே 97 டிகிரியில் கொதித்துவிடும். அதே வெயிட்டில் குக்கருக்குள் 119 டிகிரிதான் கிடைக்கும். இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் வெப்பம் தாங்கும் வித்துகளின் கணக்கில் ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக ஒன்றரை மணிக்கு மேல் வேண்டும். இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். கம்பெனியில் இதை யாரும் சொன்னதில்லை என்றார். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் வைத்தோம்.

மூன்றாவது சுற்றில் முப்பது பை. இரண்டில் பச்சை. இருபத்தெட்டில் வெள்ளை நூல் பதினெட்டு நாளில் முழுசாக ஓடி, பிறகு சாம்பல் நிற மொட்டுகள். முதல் அறுப்பில் ஒரு கூடையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அம்மா மிச்சத்தைக் கடைக்கு அனுப்பினாள். சீட்டுப் பணம் இன்னும் திரும்பவில்லை.

அம்மா இப்போது ஐம்பது பை என்கிறாள். பன்னிரண்டு லிட்டர் குக்கர் போதாது. போன வாரம் அப்பா தானாகவே போனை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எத்தனை லிட்டர்?"

"இருபத்திநாலுப்பா."

"இன்னும் சின்னதா பாரு."