ஏழாம் போர்ட்

மார்ச் 10, திங்கள்

நாச்சியார் கோயில் பக்கத்துச் சேலை மொத்தக் கடையிலிருந்து பத்து மணிக்கே போன். "தம்பி, லைட்டு எரியுது, நெட்டு வரல. இ-வே பில் போடணும், வண்டி நிக்குது." கணக்கு எழுதும் அக்கா. தில்லைநகர் வேலையை முடித்துவிட்டுப் போய்ச் சேரப் பதினொன்றேகால். பில் போடும் கம்ப்யூட்டர் மூன்றும் 169.254 என்று தாங்களாகவே ஒரு முகவரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ரவுட்டர் வரை எதுவும் போகவில்லை என்று அர்த்தம். மாடி ரேக்கில் 24 போர்ட் சுவிட்ச்; ஏழாவதில் மட்டும் ஆரஞ்சு விளக்கு. கேபிளைப் பிடுங்கி எட்டில் செருகினேன், வந்துவிட்டது. ஏழின் மேல் டேப் ஒட்டி 'அவுட்' என்று எழுதினேன். மோர் கொடுத்தார்கள். பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

போன் இல்லை. சாலை ரோட்டில் கேமரா வேலை.

மார்ச் 12, புதன்

எட்டும் போச்சு. ஒரே வாரத்தில் இரண்டு போர்ட் சாகுமா? கேபிளின் இரண்டு முனையையும் புதிதாகக் கிரிம்ப் செய்தேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. அதற்குப் பிறகுதான் சுவிட்சுக்குள்ளேயே பார்க்கக் கன்சோல் கேபிளை எடுத்தேன். திங்களன்றே எடுத்திருக்க வேண்டும். காலி போர்ட் பக்கத்திலேயே இருந்தால் யோசிக்கத் தோன்றுவதில்லை.

ஏழு, எட்டு இரண்டுக்கும் நேரே 'எர்-டிஸேபிள்டு'. போர்ட் சாகவில்லை, சுவிட்சே பூட்டியிருக்கிறது. காரணம் பிபிடியு கார்டு என்ற காவல். சுவிட்ச் இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு போர்ட்டிலும் விடும் சின்னப் பாக்கெட்தான் பிபிடியு. கம்ப்யூட்டர் பக்கமிருந்து அது உள்ளே வந்தால் அங்கே வேறொரு சுவிட்ச், அல்லது விட்டதே திரும்பி வருகிற வளையம். வளையம் விழுந்தால் பிராட்காஸ்ட் பாக்கெட் ஓயாமல் சுற்றும், நெட்வொர்க் மூச்சுத் திணறும். இதைத் தடுக்கத்தான் 1985-ல் ரேடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீ கண்டுபிடித்தார். அதை ஒரு கவிதையாகவும் எழுதி வைத்தார். எனக்குக் கமெண்ட் எழுதவே சோம்பல்.

எப்போது பூட்டியது என்று பார்த்தால், சுவிட்ச் கடிகாரம் 1993 மார்ச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் நேரம் வைக்கவே இல்லை (வைக்க வேண்டியவன் நான்தான்). இப்போதைய மணியிலிருந்து பின்னோக்கி விரல் விட்டு எண்ணினேன். இன்று 8.40. திங்கள் 8.35. அந்த நேரத்தில் கடையே திறந்திருக்காதே? "பெருக்குற அம்மாகிட்ட ஒரு சாவி இருக்கு. திங்க, புதன், வெள்ளி வரும்" என்றார் அக்கா.

எட்டை மட்டும் ஷட், நோ ஷட் கொடுத்து எழுப்பிவிட்டு வந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

எட்டேகாலுக்கே போய் உட்கார்ந்துகொண்டேன். மேனேஜர் மேஜைக்கடியில் ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி; பில் போடும் கம்ப்யூட்டர் மூன்றும் அதன் வழியாகத்தான் மாடிக்குப் போகின்றன. அதிலிருந்து ஒரு நீல வயர் தரையில் கிடந்தது. மேனேஜர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகும்போது கழற்றிப் போடுவது. அந்த அம்மா கூட்டி முடித்து, மாப் போட வந்து, வயரை எடுத்து முந்தானையால் துடைத்தார். காலியாக இருந்த ஓட்டையில் 'டக்'கென்று செருகினார். அதே பெட்டியின் ஓட்டை. வயரின் மறுமுனையும் அதே பெட்டியில்தான். பெட்டி விளக்குகள் ஒன்றாக வெறிபிடித்து மினுக்கின. மாடிக்கு ஓடினேன். எட்டில் ஆரஞ்சு.

மேனேஜர் பத்தரைக்கு வந்து லேப்டாப்புக்காக அதைப் பிடுங்குவார், வளையம் போய்விடும். நான் பதினொன்றுக்கு மேல் வந்து தேடினால் என்ன கிடைக்கும்?

"ஏம்மா அத சொருகுனீங்க?"

"தரையில கெடக்கே, தண்ணி பட்டா ஷாக் அடிக்கும்ல தம்பி? ஏன், ஏதும் கெட்டுப்போச்சா?"

ஒன்றுமில்லை என்றேன். மேஜை ஓரத்தில் ஒரு கொக்கி அடித்து வயரைத் தொங்கவிட்டேன். அவரே ஒருமுறை மாட்டிப் பார்த்துக்கொண்டார். சுவிட்சுக்கு நேரம் வைத்தேன். ஏழையும் எட்டையும் எழுப்பினேன். ஏழின் மேலிருந்த டேப்பை உரித்தால் பசை போகவில்லை. நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும்போது மேனேஜர் வந்து, "ரெண்டு போர்ட் ரிப்பேருக்கும் சேத்து எவ்வளவு?" என்றார்.