அகழி சூழ்ந்த நகரிலே

பாங்கொக் நகரிலிருந்து மாலையிற் புறப்படும் புகையிரதம் இரவு முழுவதும் சமவெளியைக் கடந்து, விடியும் வேளையில் மலைகளுக்குள் நுழைகின்றது. 1918 ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட குன் தான் சுரங்கப்பாதை அங்கே உள்ளது. ஏறக்குறைய 1,350 மீற்றர் நீளமான அந்த இருளைக் கடந்ததும், வேறொரு நாட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று பிரயாணி ஐயுறுவான். உண்மையில் அது ஒரு காலத்தில் வேறு நாடாகவே இருந்தது. லான்னா என்பது அதன் பெயர். பத்து இலட்சம் வயல்கள் என்பது அச்சொல்லின் பொருளாம். அந்நாட்டின் தலைநகராய் விளங்கிய சியாங் மாய், இன்று வடதாய்லாந்தின் முதன்மையான நகராகும். பாங்கொக்கிலிருந்து இருப்புப்பாதை வழியே 751 கிலோமீற்றர் தூரம்.

மங்ராய் என்னும் மன்னன் 1296 ஆம் ஆண்டில் இந்நகரை அமைத்தான். 'புதிய நகர்' என்று அவன் இட்ட பெயர் எழுநூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் மாறவில்லை. பழைய நகரைச் சுற்றிச் சதுரமாய் ஓர் அகழி. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு மைல். அகழிக்கரையில் மரநிழல், ஆங்காங்கே இடிந்த செங்கல் மதில், உள்ளே குறுகிய தெருக்களும் விகாரைகளும். நகர் நடுவே நிற்கும் சேடி லுவாங் என்னும் பெருந்தூபியின் உச்சி 1545 ஆம் ஆண்டு பூகம்பத்தில் இடிந்தது. அது இன்றும் மொட்டையாகவே நிற்கின்றது. அந்நிலையிலும் அதன் கம்பீரம் குன்றவில்லை. மேற்கே தோய் சுதெப் மலை. அம்மலைக் கோவிலுக்கு 309 படிகள் ஏற வேண்டும். மலையடிவாரத்திலிருந்து மேலே செல்லும் வீதியை, குருபா சிவிச்சாய் என்னும் துறவியின் அழைப்பை ஏற்று வந்த மக்கள் 1934, 1935 ஆம் ஆண்டுகளில் தம் கைகளாலேயே ஒரு சில மாதங்களில் வெட்டி முடித்தனர்.

இலங்கையராகிய எமக்கு இந்நகருடன் பழைய உறவொன்று உண்டு. 15 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சியாங் மாயிலிருந்து பிக்குகள் சிலர் கடல் கடந்து இலங்கைக்கு வந்து கற்றனர். களனி ஆற்றிலே மீண்டும் உபசம்பதை பெற்றனர். பின்னர் ஊர் திரும்பி, தாம் கற்ற நெறியை அங்கே பரப்பினர். தம் இடத்தை விட்டுச் சில ஆண்டுகள் விலகியிருந்து, நிறைந்த கையுடன் திரும்பி வந்தோர் அவர்கள். இன்று அந்நகரை நாடிச் செல்வோரைக் கண்டபொழுது அப்பிக்குகளின் நினைவு எமக்கு அடிக்கடி எழுந்தது.

மடிக்கணினிக் கூட்டம்

சித்திரை விடுமுறையில் எட்டு நாட்கள் நாம் அங்கே தங்கியிருந்தோம். பழைய நகருக்கு மேற்கே, பல்கலைக்கழகத்துக்கு அண்மையில், நிம்மன்ஹேமின் என்றொரு வீதி உண்டு. அவ்வீதியிலும் அதன் ஒழுங்கைகளிலும் கோப்பிக் கடைகள் நிறைந்திருக்கின்றன. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் மேசைக்கொரு மடிக்கணினி. அதன் முன்னே காதிற் கருவி மாட்டிய ஒரு வெளிநாட்டவர். உல்லாசப் பிரயாணிகளோ என்றால், அவர்கள் மலையையும் பாரார், கோவிலையும் பாரார். உத்தியோகத்தர்களோ என்றால், காரியாலயம் எங்கே என்று கேட்கத் தோன்றும். அவர்களுடைய காரியாலயம் இலண்டனிலோ பேர்லினிலோ நியூ யோர்க்கிலோ இருக்கின்றது. உடல் இங்கே, ஊழியம் அங்கே.

இவர்களை இணைய நாடோடிகள் என்று உலகம் அழைக்கின்றது. 1997 ஆம் ஆண்டில் சுகியோ மக்கிமோட்டோ என்ற ஜப்பானியரும் டேவிட் மனர்ஸ் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து எழுதிய நூலொன்று இப்பெயரைத் தலைப்பாகக் கொண்டு வெளிவந்தது. 2020 ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் காரியாலயங்களைப் பூட்டியபொழுது, வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையை வேறு நாட்டிலிருந்தும் செய்யலாம் என்பதைப் பலர் கண்டுகொண்டனர். அவ்வாண்டிலேயே பார்படோஸ் தீவும் எஸ்தோனியா நாடும் அத்தகையோருக்கெனத் தனி வீசாக்களை ஏற்படுத்தின.

தாய்லாந்தில் இவர்களுடைய நிலை நெடுங்காலம் தெளிவற்றிருந்தது. 2014 அக்டோபரில் சியாங் மாயில் இத்தகையோர் கூடி வேலை செய்யும் இடமொன்றுக்குக் குடிவரவுப் பொலிசார் வந்து, அங்கிருந்த வெளிநாட்டாரை அழைத்துச் சென்று விசாரித்துப் பின்னர் விடுவித்தனர். பத்தாண்டுகள் கழித்து, 2024 ஜூலையில், அரசாங்கம் இவர்களையும் வரவேற்கும் ஐந்தாண்டு வீசாவொன்றை அறிமுகஞ் செய்தது. ஒரு முறை உள்ளே வந்தால் 180 நாட்கள் தங்கலாம். கட்டணம் 10,000 பாட். வங்கியில் 5 இலட்சம் பாட் இருப்பதைக் காட்டுதல் வேண்டும். தாய்லாந்துக் கம்பனியில் வேலை பார்த்தலாகாது.

மலிவு யாருக்கு?

சியாங் மாய் மலிவான ஊர் என்று எல்லோரும் கூறுகின்றனர். ஒரு கிண்ணம் காவ் சோய், அதாவது தேங்காய்ப்பாலிற் காய்ச்சிய கறியில் இட்ட நூடில்ஸ், 60 பாட்டுக்குக் கிடைத்தது. எமக்கு அது மலிவாகத் தோன்றவில்லை. ஒரு பாட் ஏறக்குறைய 9 ரூபா. ஆகவே கிண்ணம் 540 ரூபா. வீசாவுக்குக் காட்ட வேண்டிய 5 இலட்சம் பாட் 45 இலட்சம் ரூபாவாகும். நம் நாட்டிற் சம்பளம் பெறும் ஆசிரியரில் எத்தனை பேர் அத்தொகையைக் கண்டிருப்பர்? மலிவு என்பது பொருளிலே இல்லை. வாங்குபவன் எந்த நாணயத்திற் சம்பாதிக்கின்றான் என்பதிலே இருக்கின்றது. 1997 ஜூலையில் பாட்டின் மதிப்பு சரிந்தது. டொலருக்கு 25 பாட் என்றிருந்த நிலை மாறி ஆறே மாதத்தில் 50 ஐத் தாண்டியது. அன்று தாய்லாந்து மக்களுக்கு நேர்ந்த துன்பம், டொலருடன் வந்தோருக்கு அதிர்ஷ்டமாயிற்று. 2022 இல் எம் ரூபா வீழ்ந்தபொழுது நம் நாட்டிலும் இதுவே நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திரார்.

உள்ளூரார் கணக்கு வேறு. 2025 ஜனவரியிற் சியாங் மாய் நகர்ப் பகுதிக்கு நிர்ணயிக்கப்பட்ட ஆகக் குறைந்த நாட்கூலி 380 பாட். மாதம் இருபத்தாறு நாள் உழைத்தால் 9,880 பாட். நிம்மன்ஹேமின் பகுதியில் நாம் விசாரித்த ஓர் அறையின் மாத வாடகை 11,000 பாட். அங்கே எமக்குக் கோப்பி கொணர்ந்து தந்த பெண், நகருக்கு வெளியே அரை மணி தூரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவதாகக் கூறினாள். வெளிநாட்டார் வந்ததால் தனக்கு வேலை கிடைத்தது என்றாள். அவர்கள் வந்ததாலேயே இவ்வீதியில் தான் குடியிருக்க முடியாது என்றும் சொன்னாள். இரண்டையும் ஒரே குரலிற் சொன்னாள். இரண்டும் உண்மையே.

நண்பரின் கணக்கு

எம்முடன் கணிதம் கற்பித்த இளம் ஆசிரியர் ஒருவர் அந்நகரில் வாழ்கின்றார். நாம் அங்கே சென்றதற்கு அவரும் ஒரு காரணம். பொருளாதார நெருக்கடியின் நடுவே, 2022 ஜூனில், அரசாங்க ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற லீவு பெறலாம் என்றும், அதனாற் சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படா என்றும் சுற்றறிக்கை வந்ததல்லவா? அவ்வாண்டின் இறுதியில் அவரும் லீவு பெற்றுச் சிங்கப்பூர் சென்று, கணினிக் கம்பனியொன்றில் அமர்ந்தார். சம்பளத்தின் பெரும்பகுதியை வாடகை விழுங்கிற்று. எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று கம்பனி இணங்கவே, தம் சேமிப்பைக் காட்டி வீசா பெற்று, 2024 இன் இறுதியிற் சியாங் மாய்க்கு வந்தார். சிங்கப்பூர் டொலரிற் சம்பளம், பாட்டிற் செலவு. தந்தையாரின் வைத்தியக் கடன் தீர்ந்தது. தங்கை பல்கலைக்கழகத்திற் படிக்கின்றாள். இக்கணக்கை எவரும் குறை கூற இயலாது.

மறுபக்கக் கணக்கையும் அவரே எமக்கு எடுத்துச் சொன்னார். ஒரு மாத அறிவித்தலுடன் கம்பனி அவரை நிறுத்தலாம். சேமலாப நிதி இல்லை. ஓர் ஆண்டில் 180 நாட்கள் தங்கினால் வரிச்சட்டத்தின்படி அந்நாட்டு வாசியாகக் கொள்ளப்படுவார். 2024 முதல், அத்தகையோர் பிறநாட்டிற் சம்பாதித்து உள்ளே கொணரும் பணமும் வரிக்கு உட்படும். அருகில் உறவினர் இல்லை. கோப்பிக் கடை நண்பர்களோ மூன்று மாதத்துக்கொரு முறை வேறு ஊருக்குப் பறந்துவிடுகின்றனர்.

இவற்றோடு புகையும் உண்டு. மாசி முதற் சித்திரை வரை வயல்களில் எஞ்சிய தாள்களும் மலைக்காடுகளும் எரிய, அப்புகை பள்ளத்தாக்கிலே தங்கிவிடுகின்றது. நாம் சென்ற முதல் மூன்று நாட்களும் தோய் சுதெப் மலை எமக்குத் தென்படவேயில்லை. மேற்குத் திசை முழுவதும் சாம்பல் நிறமாகவே கிடந்தது. உலகின் மாசடைந்த நகர்களின் வரிசையில், அவ்வாரங்களில் இந்நகர் முன்னணிக்கு வந்துவிடுவதுண்டு. 2023 இல் நகரவாசிகள் அரசாங்கத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். தொண்ணூறு நாட்களுள் திட்டம் வகுக்குமாறு 2024 ஜனவரியில் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டாரிற் பலர் பங்குனியிலேயே கடற்கரை ஊர்களுக்குச் சென்றுவிடுகின்றனர். கூலி வேலை செய்வோர் முகமூடி அணிந்து கொண்டு அங்கேயே இருக்கின்றனர்.

சனிக்கிழமை காலையில் நண்பரின் அறைக்குச் சென்றோம். அங்கே மணி ஒன்பது; இலங்கையில் ஏழரை. எம் கல்லூரி உயர்தர வகுப்பு மாணவருக்கு இணையத்தின் வழியே வகையீடு கற்பித்துக் கொண்டிருந்தார். வேதனம் ஏதும் பெறுவதில்லை. அவர் சென்ற பின் அவருடைய பாடவேளைகளை எஞ்சிய ஆசிரியர் இருவரும் நாமும் பங்கிட்டுக் கொண்டோம். ஆயினும் அவரைப் போலக் கற்பிக்க எம்மில் ஒருவராலும் முடியவில்லை என்பதை மாணவர் அறிவர். பாடம் முடிந்ததும் கணினியை மூடிவிட்டு, "சேர், திரையிலே முப்பது பேர் இருக்கிறார்கள். எவனுக்கு விளங்கவில்லை என்பது அவன் முகத்தைக் கிட்ட நின்று பார்த்தாலல்லவா தெரியும்?" என்றார். திரும்பி வருவீரா என்று நாம் கேட்கவில்லை. அவராகவே, "2027 முடியும்வரை லீவு இருக்கிறது" என்று மட்டுஞ் சொன்னார்.

பழைய வழக்கமும் புதிய வழக்கமும்

ஓரிடத்திற் சம்பாதித்து வேறோரிடத்தில் வாழ்வது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உழைத்த நம் முன்னோர் பலர், ஓய்வு பெற்றதும் ஊருக்கு வந்து, அந்நாட்டுப் பென்சனிலே கல்வீடு கட்டி வாழ்ந்தனர். மலாயன் பென்சனியர் என்றால் ஊரில் ஒரு மதிப்பு. மலாயாப் பணத்துக்கு யாழ்ப்பாணம் மலிவாக இருந்தது என்பது மெய்யே. ஆனால் அவர்கள் செலவிட்டது தம் சொந்த ஊரில். பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் கொடுத்ததும், பக்கத்து வீட்டாரின் சாவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் போனதும் அங்கேயே. சியாங் மாயில் வாழ்வோர் வாடகை கொடுக்கின்றனர், கோப்பி வாங்குகின்றனர். ஊரின் சுகதுக்கத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லை; பங்கு கொள்ள நினைத்தாலும் அவர்களுடைய வீசாவின் நாட்கள் எண்ணப்பட்டவை.

இடையிலே ஓய்வு வேண்டாம் என்பதன்று எம் கருத்து. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகம் 1880 இலேயே பேராசிரியருக்கு ஏழாண்டுக்கொரு முறை ஓராண்டு லீவு வழங்கத் தொடங்கிற்று. விளைந்த வயலையும் ஒரு போகம் தரிசாக விடுவது உழவர் வழக்கம். ஆனால் தரிசு விடுபவன் அடுத்த விதைப்பின் நாளையும் மனத்திற் குறித்து வைத்திருப்பான்.

இவ்வழியிற் செல்ல எண்ணும் இளைஞருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் நாம் கண்டவற்றிலிருந்து சிலவற்றைக் கூறலாம். வீசா எதை அனுமதிக்கின்றது, எதைத் தடுக்கின்றது என்பதை எழுத்தில் அறிந்து செல்லுங்கள். கடையிற் கேட்ட பேச்சை நம்பாதீர்கள். ஆறு மாதச் செலவுக்கும் திரும்பும் விமானச்சீட்டுக்கும் உரிய பணத்தைத் தொடாமல் வையுங்கள். கம்பனி சேமலாப நிதி கட்டாவிடின், அதற்கீடான தொகையை நீங்களே மாதந்தோறும் ஒதுக்குங்கள். அவ்வூரின் மொழியில் நூறு சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். மலிவு என்ற சொல்லை அவ்வூரார் முன்னே சொல்லாதிருங்கள். யாவற்றுக்கும் மேலாக, திரும்பும் நாளையோ திரும்பாமைக்குரிய காரணத்தையோ வீட்டாருடன் பேசித் தெளிந்த பின்னரே புறப்படுங்கள்.

எம் நண்பரின் முடிவு எதுவாயினும் அது அவர் உரிமை. தங்கையின் படிப்பையும் தந்தையின் கடனையும் அறிந்த எவரும் அவரை நோகார். கல்லூரி நேரசூசியில் அவருடைய பெயருக்கெதிரே உள்ள கட்டங்களில் இப்பொழுது எம் பெயர்களைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கின்றோம். மையால் எழுத எமக்கு இன்னும் மனம் வரவில்லை.